டெகால் தாளும் ஒரு பதிப்பே

2018ஆம் ஆண்டு இந்திய விமானப்படையின் பழம் விமானங்கள் வரிசையில் ஒரு டகோட்டா சேர்ந்தது. பிரிட்டனில் செப்பனிடப்பட்டு வந்த அவ்விமானத்துக்குப் ‘பரசுராமா’ என்று பெயர் சூட்டப்பட்டது. வி.பி. 905 என்ற எண்ணும் அதன்மேல் எழுதப்பட்டது. அந்த எண் அவ்விமானம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது பெற்ற எண்ணன்று. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட்டின் முதலாம் பட்டாலியன் வீரர்களைச் சுமந்து ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், வேறொரு விமானத்தின் உடலில் அந்த எண்ணை எழுதியபோது, ஓர் உண்மையை அரசே ஏற்றுக்கொண்டது. விமானத்தின் வரலாற்று அடையாளத்தில் பெரும்பங்கு அதன்மேல் எழுதப்பட்ட சில எழுத்துகளில் தங்கியிருக்கிறது என்பதே அது.

இதே காரியத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஓசையின்றிச் செய்துவருவோர் அளவுமாதிரி விமானங்கள் கட்டுவோர். விமானப்படை செய்தால் அது மரபுப் பாதுகாப்பு எனப்படுகிறது. அவர்கள் செய்தால் பொழுதுபோக்கு எனப்படுகிறது. இந்த வேறுபாடு நியாயமானதுதானா என்பதை ஆய்வுலகம் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். விமானச் சின்னங்களையும் எண்களையும் அச்சிட்டு விற்கும் டெகால் தாள், சரியாகப் பார்த்தால், ஒரு பதிப்பு. கல்வெட்டையோ சுவடியையோ பதிப்பிப்பவர் சந்திக்கும் அத்தனை கேள்விகளையும் அதைத் தயாரிப்பவரும் சந்திக்கிறார். ஆகவே பதிப்புக்குரிய மதிப்பு அதற்குத் தரப்பட வேண்டும். பதிப்புக்குரிய பொறுப்பும் அதனிடம் எதிர்பார்க்கப்பட வேண்டும்.

இத்துறை அறியாதவர்களுக்குச் சிறிது விளக்கம் தேவை. பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட் ஒரு பெட்டியில் வருகிறது. இறக்கை, உடல், சக்கரம், விமானி அறையின் ஒளிபுகு மூடி ஆகியவற்றுக்கான பாகங்களும், ஒட்டும் முறையைக் காட்டும் படத்தாளும், ஒரு டெகால் தாளும் அதில் இருக்கும். பொதுவான அளவுகள் 1/72, 1/48, 1/32. ஓர் அச்சுவார்ப்பை உருவாக்கப் பெருஞ்செலவு ஆவதால், நிறுவனம் அதிகம் விற்கக்கூடிய வடிவத்தையே வார்க்கும். அந்தப் பெட்டியில் இல்லாதவற்றை வேறு சிறு நிறுவனங்கள் தனியே தயாரித்து விற்கின்றன. ரெசினில் வார்த்த விமானி இருக்கை, அமிலத்தால் அரித்து உருவாக்கிய பித்தளைத் தகட்டு நுண்பாகங்கள், வெற்றிட முறையில் வடித்த மூடிகள், வண்ணம் பூச உதவும் மறைப்புத் தாள்கள், டெகால்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றையே ‘ஆஃப்டர்மார்க்கெட்’ என்கிறார்கள். செக் நாட்டின் எட்வார்ட் நிறுவனம் 1989இல் தொடங்கப்பட்டு இத்தகைய பித்தளைத் தகடுகளால் பெயர்பெற்றது. பின்னர் அது முழுக் கிட்களையும் தயாரிக்கும் நிலைக்கு வளர்ந்தது. ஆனால் இத்துறையில் இயங்குவோரில் பலர் ஓர் அறையில், ஒரு கணினியோடு, தனியாளாய் உழைப்பவர்கள்.

‘டெகால்’ என்ற சொல் பிரெஞ்சு மொழியின் ‘டெகால்கோமானி’ என்பதன் குறுக்கம். படியெடுத்தல் என்னும் பொருளுடைய வினையும், பித்து என்னும் பொருளுடைய ‘மானி’யும் சேர்ந்த கூட்டு அது. தாளிலிருந்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சித்திரங்களைப் பெயர்த்து ஒட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் பெரும் மோகமாகப் பரவியபோது, அந்த மோகமே பெயரில் பதிந்துவிட்டது. இன்றைய மாதிரி விமான டெகாலின் செயல்முறை எளியது. பசை தடவிய தாளின்மேல் மெல்லிய படலம். அதன்மேல் அச்சு. வேண்டிய துண்டை வெட்டி வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் நனைத்தால் பசை இளகும், படலம் நழுவும். அதை விமானத்தின்மேல் நகர்த்தி உரிய இடத்தில் அமர்த்த வேண்டும். பரப்பு வழுவழுப்பாக இல்லையென்றால் படலத்தின் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். ஓர் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும்.

எளிய இவ்வேலைக்குப் பின்னால் எவ்வளவு ஆய்வு இருக்கிறது என்பதற்கு நாட் விமானம் தகுந்த சான்று. ஃபாலண்ட் நிறுவனம் பிரிட்டனில் வடிவமைத்த இந்தச் சிறு போர்விமானம் 1955இல் முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை இதன் ஒற்றை இருக்கை வடிவத்தைத் தன் படைப்பிரிவுகளில் சேர்க்கவில்லை. இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவத்தையே ஏற்றுக்கொண்டது. அதில்தான் ‘ரெட் ஆரோஸ்’ சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது. ஒற்றை இருக்கை வடிவத்தைப் பெருமளவில் ஏற்றுப் போரில் பயன்படுத்திய நாடு இந்தியா. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதைக் கட்டியது, பிறகு ‘அஜீத்’ என்று மேம்படுத்தியது. 1965 போரிலும், 1971 நவம்பர் 22 அன்று போய்ரா வான்சண்டையிலும் பங்கேற்றது இந்த ஒற்றை இருக்கை நாட்தான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் உயிர்துறந்து, விமானப்படையில் பரம வீர சக்கரம் பெற்ற ஒரே வீரராக நிலைத்த நிர்மல் ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் இதுவே.

ஆனால் 1960களிலிருந்து உலகெங்கும் கடைகளில் எளிதாகக் கிடைத்த நாட் கிட், சிவப்பு வண்ணம் பூசிய பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தினுடையது. அதை இந்தியப் போர்விமானமாக மாற்றுவது ஓர் இருக்கையை அகற்றுவதோடு முடிந்துவிடாது. பயிற்சி வடிவத்தின் இறக்கை விரிவு சுமார் 7.3 மீட்டர். போர் வடிவத்தினுடையது சுமார் 6.75 மீட்டர். 1/72 அளவில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். உடலின் நீளம் வேறு, வாலின் பரப்பு வேறு, இறக்கையின் அசையும் விளிம்புகள் அமைந்த விதம் வேறு. காற்று உள்வாயின் இருபுறமும் 30 மி.மீ. பீரங்கிகள் பொருந்தியிருப்பது போர் வடிவத்தில் மட்டுமே. இவற்றை அறியாமல் சிவப்பு விமானத்துக்கு வெள்ளி வண்ணம் பூசி மூவண்ணச் சின்னம் ஒட்டினால் கிடைப்பது, எக்காலத்திலும் எங்கும் பறந்திராத ஒரு விமானம். அந்த 8 மில்லிமீட்டரைத் திருத்தித் தருவதற்காகவே ரெசின் பாகங்களும் தனி டெகால்களும் தேவைப்படுகின்றன.

இங்கே குற்றம் யாருடையது என்று தேடுவதில் பயனில்லை. ஒரு பிரிட்டிஷ் சிறுவன் வான்காட்சியில் கண்ட விமானத்தைத்தான் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வார்க்கும். அது வணிகத்தின் இயல்பு. ஆயினும் அதன் விளைவு வணிகத்தோடு நிற்பதில்லை. உலகின் ஒரு மூலையில் ஒரு பொருளின் முதன்மை வடிவமாக இருந்தது, இன்னொரு மூலையில் அதன் திரிபு வடிவமாக மாறிவிடுகிறது. மொழியியலில் பழக்கமான சிக்கல் இது. அச்சேறிய வழக்கு ‘மொழி’ ஆகிறது, அச்சேறாதது ‘கிளைவழக்கு’ ஆகிறது. அச்சுவார்ப்பு பெற்ற நாட் ‘நாட்’ ஆகிவிட்டது. சண்டையிட்ட நாட், கூடுதல் விலை கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டிய மாற்றுப் பாகம் ஆகிவிட்டது.

முழு அளவு விமானங்களுக்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, திரும்ப எடுத்துச் செல்ல இயலாத லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுச் சென்றார்கள். மறுபடி பறக்க இயலாதவாறு அவற்றைச் சிதைத்தும் வைத்தார்கள். ஹிந்துஸ்தான் நிறுவனத்தின் தொழிலாளர்கள் அவற்றிலிருந்து நாற்பது வரையிலான விமானங்களை மீட்டுப் பறக்க வைத்தார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. இன்று பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில இவ்வாறு இந்தியாவால் காப்பாற்றப்பட்டவை. அமெரிக்காவில் நெடுங்காலம் பறந்துகொண்டிருந்த ஒன்று, ‘ஆல் அமெரிக்கன்’, பின்னர் ‘விட்ச்கிராஃப்ட்’ என்று அமெரிக்கப் படைப்பிரிவுகளின் பெயர்களைத் தாங்கியது. அந்தப் பெயர்களில் எதுவும் அவ்விமானத்தின் சொந்த வாழ்வைச் சேர்ந்ததன்று. பழைய வீரர்களுக்கு அஞ்சலி என்ற நோக்கம் மதிக்கத்தக்கதே. எனினும் ஐரோப்பிய வானில் பறந்த இன்னொரு விமானத்தின் பெயர் எழுதப்பட்டபோது, அதன் இந்திய ஆண்டுகள் வண்ணத்தின் அடியில் மறைந்தன. தோல் ஏட்டில் பழைய எழுத்தைச் சுரண்டிப் புதியதை எழுதுவது போன்ற செயல் இது. அந்த அடி எழுத்தை மறுபடி படிக்கும்படி செய்ய ஒரு டெகால் தாள் போதும். அதைச் செய்வதற்கு எந்த அருங்காட்சியகத்தின் அனுமதியும் தேவையில்லை.

சரியான டெகாலைத் தயாரிப்பவர் எதை நம்புவது என்பதே அடுத்த சிக்கல். முதல் சான்று புகைப்படம். கறுப்பு வெள்ளைப் படத்தில் காவியும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகத் தெரியக்கூடும். போர்க்காலத்துக்கு முந்தைய சில படச்சுருள்கள் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியும் காட்டின. வண்ணப்படமாக இருந்தாலும் காலத்தால் நிறம் மாறியிருக்கும். இரண்டாவது சான்று, காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள விமானம். முகாம் வாயில்களிலும் நாற்சந்திகளிலும் நிற்கும் விமானங்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கப் பலமுறை வண்ணம் பூசப்பட்டவை. அவ்வாறு பூசியவரிடம் பழைய பூச்சின் பதிவு இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. மூன்றாவது சான்று நினைவு. ஓய்வுபெற்ற விமானியும் தொழில்நுட்பரும் அன்போடு கூறுவதில் ஆண்டுகள் கலந்துவிடுவது இயல்பு. 1965இல் வெள்ளி நிறத்தில் பறந்த நாட், 1971இல் மறைவண்ணம் பூண்டிருந்தது. மிக்-21 விமானங்கள் 1971 போரையொட்டி அவசரமாக, படைத்தளங்களிலேயே வண்ணம் பூசப்பட்டதால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ‘இந்திய மிக்-21 இப்படித்தான் இருந்தது’ என்ற பொதுக் கூற்றுக்கு இங்கே பொருளே இல்லை. எந்த எண்ணுடைய விமானம், எந்தத் தளத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டால்தான் விடையுண்டு.

சுவடிப் பதிப்பாளர் இந்த இடத்தில் தம் தொழிலை அடையாளம் கண்டுகொள்வார். பல படிகளை ஒப்பிடுதல், காலத்தால் முந்தியதைப் பிரித்தறிதல், படியெடுத்தவரின் பிழையை மூலத்தின் இயல்பிலிருந்து வேறுபடுத்துதல், முடிவு செய்ய இயலாத இடத்தில் பாடவேறுபாட்டைக் குறித்தல் ஆகிய அனைத்தும் இங்கும் உண்டு. பிழை பரவும் விதமும் அதுவே. ஒரு தாளில் தவறாக அச்சான எண், அதைப் பார்த்து வரைந்த அடுத்த தாளுக்கும், அதைப் பார்த்துக் கட்டிய மாதிரிக்கும், அம்மாதிரியின் படத்தைச் சான்றாக நம்பிய கட்டுரைக்கும் செல்கிறது.

எண்களும் சின்னங்களும் தம்மளவில் ஒரு குறிமுறை. இந்திய விமானங்களின் தொடர் எண்ணுக்கு முன்வரும் ஆங்கில எழுத்துகள் விமான வகையைக் குறிக்கின்றன. ஐ.இ. என்றால் நாட், ஐ.எஃப். என்றால் கான்பெரா, பி.ஏ. என்றால் ஹன்டர், கே.எஃப். என்றால் ஒற்றை இருக்கை மிராஜ் 2000, எஸ்.பி. என்றால் சுகோய்-30, எல்.ஏ. என்றால் படைக்கு வந்த தேஜஸ். முன்னொட்டைப் பார்த்த அளவில் வகை தெரியும். எண்ணைத் தொடர்ந்து சென்றால் ஒரு தனி விமானத்தின் வாழ்வு தெரியும். வட்டச்சின்னத்தின் மாற்றங்களோ நாட்டின் அரசியல் வரலாற்றைச் சுருக்கிச் சொல்கின்றன. தொடக்கத்தில் பிரிட்டிஷ் சிவப்பு, வெள்ளை, நீல வளையங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் செஞ்சூரியனோடு குழம்பக்கூடாது என்பதற்காக நடுச்சிவப்பு நீங்கி, அடர்நீலத்துள் வெளிர்நீலம். விடுதலைக்குப் பின் குறுகிய காலம் அசோகச் சக்கரம். குடியரசானபின் வெளியே பச்சை, இடையே வெள்ளை, நடுவே காவி. 1947-48 காஷ்மீர்ப் போரின் டெம்பெஸ்ட் விமானத்துக்கு இன்றைய வட்டச்சின்னத்தை ஒட்டுபவர், இன்னும் பிறக்காத குடியரசின் முத்திரையை அதன்மேல் இடுகிறார்.

இந்த மூவளையத்தை வீட்டில் அச்சிடுவதிலும் ஓர் எதிர்பாராத தடை உண்டு. சாதாரண இங்க்ஜெட் அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை. தாளின் வெண்மையே வெள்ளையாகத் தோன்றுகிறது. ஒளிபுகும் படலத்தில் அச்சிட்டால் இடைவளையம் காணாமல் போகும். காவியும் பச்சையும் அடிவண்ணத்தில் கரைந்து மங்கும். வெண்படலத் தாளில் அச்சிட்டு விளிம்பை வட்டமாக வெட்ட வேண்டும், அல்லது திரையச்சுக்கு ஆகும் செலவை ஏற்க வேண்டும். இந்தியச் சின்னங்கள் வேண்டும் மாணவர் ஒருவர், வெளிநாட்டுத் தாளுக்காகக் காத்திருக்க நேர்வதற்கு இத்தகைய சிறு காரணங்களும் உண்டு.

எழுத்துமுறையின் சிக்கல் தனியே கவனிக்கத்தக்கது. விமானப்படையின் போக்குவரத்து விமானங்களில் படையின் பெயர் ஒருபுறம் ஆங்கிலத்திலும் மறுபுறம் தேவநாகரியில் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கும். கடற்படை விமானங்களிலும் இரு எழுத்தும் காணப்படும். தேவநாகரியில் குறில் இகரக் குறி, ஒலியில் மெய்க்குப் பின்னும் எழுத்தில் மெய்க்கு முன்னும் நிற்பது. எழுத்துகளை முறையாகக் கோக்கத் தெரியாத வரைகலை மென்பொருளில் அதை இட்டால் குறி இடம்மாறும், கூட்டெழுத்து உடையும். தமிழில் கொம்பும் மெய்யும் பிரிந்து கிடக்கும் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வரைபவர், அச்சிடுபவர், விற்பவர் ஆகிய மூவருக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது என்றால், அவர்களுக்கு அது எழுத்தே அன்று, ஓர் ஓவியம். ஓவியத்தில் பிழை இருப்பதாக எவரும் சொல்ல மாட்டார்கள். படிக்கத் தெரிந்தவர் அச்சங்கிலியில் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும் என்பதே இதற்குத் தீர்வு. அந்த இடத்தை நிரப்ப இந்திய மொழித்துறை மாணவர்களைவிடத் தகுதியானவர் இல்லை.

நிறத்துக்கும் இதே குறை உண்டு. அமெரிக்க விமான நிறங்களை எஃப்.எஸ். 595 என்ற தரப்பட்டியலின் எண்களாலும், பிரிட்டிஷ் நிறங்களைப் பி.எஸ். 381சி என்ற பட்டியலின் எண்களாலும் உலகெங்கும் மாதிரி கட்டுவோர் குறிக்கின்றனர். இந்திய விமானத்தின் பச்சையைப் பற்றிப் பேசும்போதும் ‘இந்த அமெரிக்க எண்ணுக்கு அருகில்’ என்றே சொல்கின்றனர். பெயிண்ட் நிறங்களுக்கென்று ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தரப்பட்டியல் இருந்தும் இந்நிலை. எந்த ஆண்டில், எந்த வகைக்கு, எந்த நிறம் பூச ஆணை இருந்தது என்பது ஏதோ ஒரு கோப்பில் இருக்கத்தான் செய்யும். அக்கோப்பு திறக்கப்படாதவரை, ‘அருகில்’ என்ற சொல்லே இந்திய நிறங்களின் நிரந்தர முகவரியாக இருக்கும்.

கேள்வி இங்கே காப்பகங்களை நோக்கித் திரும்புகிறது. விமான நிலையங்களில் அனுமதியின்றிப் படமெடுப்பதை 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் 13ஆம் விதி தடுக்கிறது. படைத்தளங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பாதுகாப்புக் காரணத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1965இல் பறந்த விமானத்தின் வண்ணத்தை இன்று மறைப்பதால் எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த கொள்கை, ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் இரகசிய நீக்கம் பெற்றுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. அக்கொள்கை போர் நடவடிக்கைகளை மட்டும் கருதி நின்றுவிடக் கூடாது. வண்ண ஆணைகள், எண் ஒதுக்கீட்டுப் பதிவேடுகள், பராமரிப்புப் பட்டறைகளின் புகைப்படங்கள் போன்ற ‘சில்லறை’ ஆவணங்களே எளிதில் பழைய தாளாக எடைக்குப் போகக்கூடியவை.

இதுவரை அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் ஆர்வலர்கள். ‘பாரத் ரக்ஷக்’ என்ற தன்னார்வ முயற்சி தொகுத்த விமான எண் பட்டியல்களும், ‘வார்பேர்ட்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் நாடெங்கும் நிற்கும் பழைய விமானங்களைத் தேடிப் பதிவு செய்த பணியும், எந்தப் பல்கலைக்கழகத் துறையின் திட்டமும் அல்ல. பி.வி.எஸ். ஜெகன் மோகனும் சமீர் சோப்ராவும் 1965 வான்போர் பற்றி எழுதி 2005இல் வெளிவந்த நூல், ஆர்வலரின் தேடலும் கல்வியாளரின் ஒழுங்கும் இணைந்தால் என்ன விளையும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தகைய இணைவு விதிவிலக்காகவே இன்றும் உள்ளது.

டெகால் தயாரிப்பாளர்களும் குறையற்றவர்கள் அல்லர். தாளோடு வரும் குறிப்பு, எந்தச் சின்னத்தை எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்கிறது. அதை எப்படி அறிந்தோம் என்று சொல்வது அரிது. எந்தப் படத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்த படத்திலிருந்து, எந்தப் பக்கம் கண்ணால் கண்டது, எந்தப் பக்கம் ஊகித்தது என்ற நான்கு தகவல்களைத் தாளின் ஓரத்தில் சிறு எழுத்தில் அச்சிட அதிகச் செலவாகாது. விமானத்தின் இடப்பக்கப் படம் மட்டும் கிடைத்து, வலப்பக்கத்தை ஊகித்து வரைந்திருந்தால், ஊகம் என்று சொல்வது வாங்குபவரை ஏமாற்றாத நேர்மை. சான்று தராத பதிப்பு எவ்வளவு அழகாக அச்சானாலும் அது பதிப்பாகாது. மதிப்பைக் கோருபவர்கள் இந்த ஒழுங்கை முதலில் ஏற்க வேண்டும்.

இவற்றுக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். இவை விளையாட்டுப் பொருள்கள்தாமே என்பது முதலாவது. சுங்கச் சட்டமும் அவ்வாறே கருதுகிறது. 9503 என்ற தலைப்பில் பொம்மைகளோடு அளவுமாதிரிகளும் ஒரே வரிசையில் வருகின்றன. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தபோது அந்தச் சுமை மாதிரி கட்டும் மாணவர்மீதும் விழுந்தது. டெகாலுக்கோ 4908 என்ற தனித் தலைப்பு உண்டு. ஆக, விமானம் பொம்மை, அதன் எழுத்து அச்சுப்பொருள். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எண்ணிய வரி, உள்நாட்டில் பெரிதும் தயாராகாத ஓர் ஆய்வுக் கருவியை எட்டாத உயரத்துக்குக் கொண்டுசென்றது. வகைப்பாடு என்பது வெறும் பெயரிடல் அன்று என்பதை மொழியியல் மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. போர்க்கருவிகளின் மேல் இத்தனை அன்பு காட்டுவது போரைப் போற்றுவதாகாதா? ஆகக்கூடும். எத்தனையோ பெட்டிகளின் மேலட்டை ஓவியங்கள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் போற்றுதலுக்குப் பொதுமை வேண்டும். ‘வீர விமானம்’ என்ற ஒன்று வேண்டும். ஓர் எண்ணைத் தேடிச் செல்பவர் அப்பொதுமையில் தங்க முடியாது. அந்த எண்ணுடைய விமானம் எப்போது கட்டப்பட்டது, யார் பராமரித்தார்கள், எந்த விபத்தில் முடிந்தது, அதில் யார் இறந்தார் என்பதையெல்லாம் அவர் எதிர்கொள்ள நேரும். வீழ்த்தியதாகச் சொல்லப்பட்ட எதிரி விமானம் உண்மையில் வீழ்ந்ததா என்று எதிர்த்தரப்பின் பதிவோடு ஒப்பிடவும் நேரும். 1965இல் பிடிபட்ட இந்திய நாட் ஒன்று கராச்சியின் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எல்லையின் இருபுறத்து ஆர்வலர்களும் ஒரே விமானத்தின் விவரங்களைத் தேடுகிறார்கள். துல்லியம் வெறியைத் தணிக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் வெறிக்குத் துல்லியம் பிடிப்பதில்லை என்பது கண்கூடு.

அற்ப விவரங்களில் மூழ்குவது ஆய்வாகாது என்பது மூன்றாவது. ஓர் எழுத்தின் வளைவைக் கொண்டு கல்வெட்டின் நூற்றாண்டைக் கணிப்பதை ஏற்கும் கல்விமுறை, வாலில் உள்ள எழுத்தின் உயரத்தைக் கொண்டு ஒரு படத்தின் ஆண்டைக் கணிப்பதை மட்டும் அற்பம் என்று தள்ளுவது முரண். விவரத்தின் மதிப்பை அதன் அளவு தீர்மானிப்பதில்லை. அது எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதே தீர்மானிக்கிறது.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்கள் விடைபெற்றன. 1963இல் படைக்கு வந்த வகை, ஆறு பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓய்ந்தது. விடைகொடுத்த நாளில் எழுதப்பட்டவை பெரும்பாலும் வீரத்தைப் பற்றியும் விபத்துகளைப் பற்றியும் இருந்தன. அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அந்த விமானங்களுக்கு வண்ணம் பூசியவர்கள், எண் எழுதிய தூரிகையும் அச்சுத்தகடும் பிடித்தவர்கள், 1971இன் அவசர இரவுகளில் பச்சையைக் கலந்தவர்கள் ஆகியோரில் எஞ்சியிருப்பவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பல்கலைக்கழகங்களின் வாய்மொழி வரலாற்றுத் திட்டங்களில் இடம்பெறட்டும். பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகமும் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் மரபு மையமும் தம் விமானங்களுக்கு அடுத்தமுறை வண்ணம் பூசுமுன், இருக்கும் பூச்சை அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பதிவு செய்யட்டும். ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் சான்று தரும் டெகால் தாள்களுக்கும் ஒரு வரி ஒதுக்கப்படட்டும்.

இல்லையெனில் நடக்கப்போவது தெளிவு. இன்னும் முப்பது ஆண்டுகளில் இந்திய மிக்-21 எந்த நிறத்தில் இருந்தது என்று ஒரு மாணவர் கேட்பார். நாற்சந்தியில் நிற்கும், பலமுறை பூசப்பட்ட ஒரு விமானத்தையும், எங்கோ ஒருவர் ஊகித்து அச்சிட்ட ஒரு தாளையும் அவருக்குக் காட்டுவார்கள். அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருக்கவும் கூடும். ஏனெனில் ஒன்றைப் பார்த்துத்தான் மற்றொன்று வரையப்பட்டிருக்கும்.